நாளிதழில் செய்தி வந்தும் ஒரு போன் கூட வரவில்லை, எங்கே தவறு?

கேட்டவர்:
வணக்கம். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவது எங்கள் தொழில். தொடங்கி 2 வருடம் ஆகிறது, மொத்தம் 4 பேர். போன மாதம் ஒரு நாளிதழில் எங்களைப் பற்றிக் கால் பக்கச் செய்தி வந்தது. அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் லிங்க்டுஇன்னிலும் போட்டேன். தெரிந்தவர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். புதிதாக ஒருவர் கூடக் கூப்பிடவில்லை. அப்புறம் 12 பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. விளம்பரத்துக்குக் கையில் பணம் இல்லை. எதைச் சரிசெய்வது?

பதில் (பத்திரிகையில் வேலை பார்த்தவர்):
12 பேருக்கும் ஒரே மெயிலா? தலைப்பு என்ன போட்டீர்கள்?

கேட்டவர்:
ஆமாம், ஒரே மெயில்தான். தலைப்பு, “வெற்றிகரமான இரண்டாம் ஆண்டில் எங்கள் நிறுவனம்”. குறிப்பை பிடிஎஃப் ஆக இணைத்திருந்தேன்.

பதில் (பத்திரிகையில் வேலை பார்த்தவர்):
மனம் தளராதீர்கள், இது திருத்தக்கூடியதுதான். ஆண்டு நிறைவு உங்களுக்கு மகிழ்ச்சி, ஆனால் வாசகருக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் வரும் கணக்குகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று இருக்குமே, சொந்தச் செலவையும் தொழில் செலவையும் ஒரே வங்கிக் கணக்கில் கலப்பது மாதிரி? அதை எழுதுங்கள். அதனால் என்ன சிக்கல் வருகிறது, எப்படிப் பிரிப்பது என்று சொல்லுங்கள். தொழில் நடத்தும் எவரும் படிப்பார்.

முக்கியமானது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் துணை ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். இணைப்பு வேண்டாம், மெயிலிலேயே எழுதுங்கள். பொது முகவரியை விட்டுவிட்டு, தொழில் செய்திகள் எழுதும் நிருபரின் பெயரைப் பார்த்து அவருக்கே அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு மெயில். நிருபர் கூப்பிட்டால் உடனே எடுப்பவரின் எண்ணைக் கொடுங்கள். மாலையில் பக்கம் முடிக்கும் நேரத்தில் மட்டும் நீங்கள் போன் செய்துவிடாதீர்கள்.

பதில் (சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிப்பவர்):
எனக்கு வேறொரு சந்தேகம். பேப்பரில் படித்தவர் அடுத்து என்ன செய்வார்? போனை எடுத்து உங்கள் பெயரைத் தேடுவார். செய்தியில் அச்சான அதே எழுத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், உங்கள் கணக்கில் நுழையாமல்.

கேட்டவர்:
தேடினேன். செய்தியில் பெயர் தமிழில் வந்திருக்கிறது, எங்கள் பக்கங்களில் எல்லாம் ஆங்கில எழுத்தில் மட்டும்தான். தமிழில் தேடினால் நாங்கள் வரவே இல்லை. இன்னொன்று, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுளில் தேடினால் வரும் நிறுவன விவரப் பக்கம்) இருப்பது நாங்கள் விட்டுவிட்ட பழைய எண். வயிற்றைக் கலக்குகிறது.

பதில் (சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிப்பவர்):
அப்படியென்றால் கூப்பிட முயன்றவர்கள் இருந்திருக்கலாம். இன்றே எண்ணை மாற்றுங்கள். எல்லாப் பக்கங்களின் அறிமுகத்திலும் இணையதளத்திலும் பெயரைத் தமிழிலும் சேருங்கள்.

அந்தப் பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேப்பர் படத்தை மட்டும் போட்டால் போனில் எழுத்தைப் படிக்க முடியாது. செய்தியில் உள்ள ஒரு விஷயத்தை உங்கள் வார்த்தையில் நான்கு வரி எழுதி, பத்திரிகையின் இணையப் பக்கம் இருந்தால் அதன் சுட்டியைக் கொடுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் சுட்டி அழுத்தினால் திறக்காது, அதை ப்ரொஃபைலில் வைக்க வேண்டும். முழுக் கட்டுரையையும் படமாக எடுத்துப் போடுவதற்கு முன் பத்திரிகையிடம் அனுமதி கேட்டுவிடுங்கள், உரிமை அவர்களுடையது.

இனி யார் கூப்பிட்டாலும் “எங்களை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பேப்பர் பார்த்து இணையதள முகவரியைத் தட்டி வருபவர், தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸில் ‘நேரடி’ வருகையாகத்தான் தெரிவார், பேப்பரால் வந்தவர் என்று அதில் தெரியாது.

கேட்டவர்:
எண்ணை மாற்றிவிட்டேன், பெயரையும் தமிழில் சேர்த்தாயிற்று. கலந்த கணக்குகள் பற்றி ஒரு பக்கம் எழுதி, ஒரே ஒரு நிருபருக்கு இன்று காலை அனுப்பினேன். இரண்டு பேருக்கும் நன்றி. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.