போர்க்கால விமானத் தளங்களைச் சிமுலேட்டரில் கட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்றைச் சீனரியாக, அதாவது பறக்கும்போது கீழே தெரியும் காட்சியாக, செய்ய நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் தேதியை எடுங்கள் என்பேன். வருஷம் போதாது, மாசமும் போதாது, நாள் வேண்டும், முடிந்தால் காலையா மாலையா என்பதும் வேண்டும். நான் செய்துகொண்டிருப்பது கொழும்பு ரேஸ்கோர்ஸ், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, காலை ஏழரை மணி வாக்கில்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கி வருவதை முந்தின நாளே தெற்கே கொக்கலவிலிருந்து கிளம்பிய கட்டலினா என்ற கடல் ரோந்து விமானத்தில் இருந்த கனடாக்காரர் லெனார்ட் பிர்ச்சால் பார்த்துச் செய்தி அனுப்பிவிட்டார். அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்திச் சிறை பிடித்தார்கள், அது தனிக்கதை. மறுநாள் குண்டு போட வந்தவர்களுக்குத் துறைமுகம் தெரியும், இரத்மலானை விமான நிலையம் தெரியும். ஊர் நடுவே குதிரைப் பந்தய மைதானத்தில் ஓடுபாதை போட்டு பிரிட்டிஷ் விமானப் படையின் 258-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) ஹரிகேன் போர் விமானங்களை நிறுத்தியிருந்தது மட்டும் தெரியாது. இரத்மலானையில் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் 30-ஆவது ஸ்குவாட்ரன் அவசர அவசரமாக எழும்பியது.

இதைக் கட்ட உட்கார்ந்தால் பாதி நேரம் இடிப்பதிலேயே போகிறது. சிமுலேட்டர் கொடுப்பது இன்றைய கொழும்பு. ரேஸ்கோர்ஸில் இப்போது ரக்பி மைதானம். வடக்கே தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, அதைத் தூக்கணும். கோட்டையில் இரட்டைக் கோபுரத்தைத் தூக்கணும். காலிமுகத் திடலுக்கு எதிரே கடலை நிரப்பி உண்டாக்கிய 269 ஹெக்டேர் துறைமுக நகரத்தை மறுபடி கடலாக்கணும், அதற்குத் தண்ணீர்ப் பரப்பின் எல்லையை (நீர்ப் பாலிகன்) வரைந்து கரையோரத்தை டெரைனோடு, அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தோடு, பொருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுதந்திரச் சதுக்கத்து மண்டபம் பார்க்க என்னவோ பழசு மாதிரிதான் இருக்கும், ஆனால் சுதந்திரத்துக்கு அப்புறம் வந்தது, அதுவும் போகணும். மிச்சம் வைக்க வேண்டியவை: 1927-இல் முடிந்த நகர மண்டபம், மியூசியம், காலி ஃபேஸ் ஹோட்டல், 1930-இல் திறந்த பழைய நாடாளுமன்றக் கட்டிடம். மேகத்துக்குக் கீழே இறங்கி வரும்போது நகர மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம்தான் எனக்கு வழிகாட்டி. அன்றைக்கும் யாராவது ஒரு பைலட்டுக்கு அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்திப்பைச் சொல்லணும். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நண்பரின் உறவு, வீட்டு ஆல்பத்தைத் திறந்து காட்டினார். அவர் அப்பா ரேஸ்கோர்ஸ் பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் ஒரு காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அவருக்கு அது அப்பாவின் படம். நான் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடலின் பழைய விற்பனைக் கையேட்டில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் போட்டிருக்கும், அதை அளவுகோலாக வைத்துப் பின்னால் நிற்கும் தூணின் உயரம், படிகளின் உயரம், கூரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது எல்லாம் எடுத்தாச்சு. மாடம் இன்றைக்கும் நிற்கிறது, ஆனால் புதுப்பித்துவிட்டார்கள், அதனால் இன்றைய அளவை அப்படியே நம்ப முடியாது. "என்ன தம்பி, அப்பாவ பாக்காம டயர பாக்கிறீங்க" என்று சிரித்தார்.

நிறம் இன்னொரு தலைவலி. அந்தக் காலத்து ஆர்த்தோக்ரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு உறைக்காது, கறுப்பாகத்தான் விழும். செம்மண் தரை படத்தில் தார் போட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக் கறுப்பு டெக்ஸ்ச்சர் போட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். தேதி ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொன்று: கிழக்கு முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுச் சிவப்பை, ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று, எடுத்தார்கள். அது அப்புறம் நடந்தது. 1942 ஏப்ரலில் ஹரிகேனுக்கு நீலம், வெள்ளை மட்டும் போட்டால் தப்பு.

சரி, மற்றவர்கள் சொல்லுங்க.

* * *

வணக்கம் அண்ணை. நான் இருக்கிறது லிங்கன்ஷயரில், சொந்த ஊர் வலிகாமம், பலாலிக்குப் பக்கம். அதுவும் போர்க்காலத்தில் ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப் படை) போட்ட தளம்தான், ஆனால் அதைச் செய்ய மனம் வரவில்லை, காரணம் உங்களுக்கு விளங்கும். அதனால் இங்கத்தைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத் தளங்களில் இறங்கினேன்.

1942-இல் பிரிட்டிஷ் விமான அமைச்சு ஏ வகுப்புத் தளம் என்று ஒரு அளவை வகுத்து வைத்திருந்தது. பிரதான ஓடுபாதை 2000 கஜம், துணை ஓடுபாதை இரண்டும் 1400 கஜம், அகலம் 50 கஜம், மூன்றும் ஒன்றையொன்று வெட்டும், சுற்றிவர 50 அடி அகலப் பாதை. இதை வாசித்துவிட்டு ஒன்றைச் செய்தால் எல்லாவற்றையும் நகல் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். விமானம் நிறுத்தும் இடம் முதலில் நீட்டுப் பிடி வைத்த வறுவல் சட்டி வடிவில் இருந்தது, பிறகு இரண்டு பக்கமும் வளையம் வைத்த வடிவுக்கு மாறினது. ஒரே தளத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். எது எந்த மாதம் போட்டது என்று தெரியாமல் கீறினால் 1943 தளத்தில் 1944 நிற்கும்.

ஈஸ்ட் கிர்க்பிக்குப் போயிருக்கிறேன். 1943 ஓகஸ்டில் திறந்த தளம், 57-ஆவது, 630-ஆவது ஸ்குவாட்ரன்கள் இருந்தது. அண்ணன் நியூரெம்பர்க் தாக்குதலில் செத்துப்போனார் என்று அவர் நினைவாகத் தம்பிமார் இரண்டு பேர், பாண்டன் சகோதரர்கள், அந்த நிலத்தை வாங்கி மியூசியம் ஆக்கினார்கள். அங்கே என்எக்ஸ்611 லங்காஸ்டர் தரையில் ஓடிக் காட்டும். நாலு மெர்லின் எஞ்சினும் பிடிக்கேக்க பின்னால் நின்ற புல்லு முழுக்கத் தரையோடு படுத்தது. எல்லாரும் விமானத்தைப் படம் எடுத்தார்கள், நான் குனிந்து கொங்கிரீட்டைப் படம் எடுத்தேன். பலகை பலகையாக ஊற்றி இடைவெளியில் தார் விட்டிருக்கிறார்கள், ஈரம் அந்தத் தார்க் கோட்டோரம்தான் கடைசியாகக் காயும். அந்தக் கறுப்புக் கட்டங்கள் இல்லாவிட்டால் சிமுலேட்டரில் எந்தப் போர்க்கால ஓடுபாதையும் நேற்றுப் போட்ட சாலை மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு தளத்தில் விவசாயி ஒருவரிடம் உள்ளே நடக்க அனுமதி கேட்டேன். நல்ல மனுசன், கோதுமையில மட்டும் கால் வைக்க வேண்டாம் என்றார். போருக்குப் பிறகு கொங்கிரீட்டை உடைத்துச் சாலை போடக் கொண்டு போய்விட்டார்கள், டிராக்டர் போக மட்டும் ஒற்றைப் பாதை அகலத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதாவது செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மெல்லிய கோடு ஓடுபாதையின் நடுக்கோடாக இருக்க வேண்டும் என்றில்லை, ஓரமாகவும் இருக்கலாம். எந்த ஓரம் என்று அந்த மனுசன்தான் கையால் காட்டினார்.

ஓடுபாதை எண் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் கனபேர் இடறுகிறார்கள். எண் காந்தத் திசையை வைத்து, 270 பாகை என்றால் 27. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம், மேற்கே 10 பாகை அளவில் இருந்தது, இப்போது கிட்டத்தட்டப் பூச்சியம். உண்மைத் திசை 260 என்றால் அன்றைக்குத் திசைகாட்டி 270 காட்டும், இன்றைக்கு 260. பழைய பைலட் குறிப்பில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை என்று ஓடுபாதையைச் சுழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் விலக்கம் சின்னது, உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

இரவு பறக்கிறவர்களுக்கு ட்ரெம் விளக்கு முறை கட்டாயம் வேண்டும். தளத்தைச் சுற்றி வட்டமாக விளக்குகள், அதிலிருந்து ஓடுபாதைக்குக் கூட்டிவரும் புனல் வடிவம். எதிரிக்குத் தெரியக் கூடாது என்று மூடி போட்ட விளக்குகள், சரியான இடத்தில் இருந்தால்தான் கண்ணில் படும். சிமுலேட்டர் விளக்கோ எல்லாப் பக்கமும் எரியும். திசை கட்டுப்படுத்திப் போட்ட பிறகுதான் அந்தப் பயம் வந்தது. கொஞ்சம் விலகினால் தரை முழுக்க இருட்டு.

* * *

இங்கிலாந்துக்காரங்களுக்கு மியூசியமும் வரைபடமும் இருக்கு, நம்ம பக்கம் வாங்க. நான் கயத்தாறு பண்றேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம், மதுரை, திருநெல்வேலி ரோட்ல போறவங்க எத்தனையோ பேரு, அப்படி ஒன்னு இருக்குன்னு தெரியாமலே தாண்டிப் போயிருப்பாங்க. வரைபடம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. நேரில் போனேன், எதற்கு என்று கேட்டார்கள், கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்று சொன்னதும் பேச்சு முடிந்தது.

கடைசியில் கைகொடுத்தது அமெரிக்க ராணுவ வரைபடங்கள். யு502 வரிசை, 1:250,000 அளவு, டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தென்னிந்தியாவில் பழைய தளம் தேடுறவங்க, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, சோழவரம் எதுவானாலும், அங்கேதான் ஆரம்பிக்கணும். கட்டிடம் எல்லாம் தெரியாது, அந்த அளவில் தெரியாது. ஆனால் அன்றைக்கு ரோடு எங்கே போச்சு, குளம் எங்கே இருந்துச்சு, ரயில்பாதை எல்லாம் தெரியும்.

நேர்ல போனப்ப உளுந்து காயப் போட்டிருந்தாங்க. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, தன்னோட அப்பா கல் உடைக்கப் போனதைச் சொன்னார். கூலி எவ்வளவு, யார் மேஸ்திரி, எந்த ஓடையிலிருந்து கல் வந்தது எல்லாம் சொன்னவருக்கு, எந்த மாதிரி ஏரோப்ளேன் வந்துச்சுன்னு கேட்டா "நான் எங்க கண்டேன், நான் அப்ப பிறக்கவே இல்ல" என்று கையை விரித்தார். ஓடை தகவலை வைத்து ஓடுபாதை ஓரத்துச் சரளை நிறத்தை மாற்றினேன். அது ஒன்றுதான் என் சீனரியில் நூறு சதவீதம் உள்ளூர்ச் சரக்கு.

இடிப்பு வேலை எனக்கு வேற மாதிரி. சுத்துப்பட்டு முழுக்கக் காத்தாடி, கரண்ட் எடுக்கிற காற்றாலை. ஒவ்வொன்றாக விலக்கினால் பக்கத்து டைலில் (சிமுலேட்டர் நிலத்தைப் பிரிக்கிற கட்டம்) இருந்து இன்னொன்று எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் எடுத்து முடித்து வெளியிட்டதும் வந்த முதல் கருத்து: "காத்தாடி இல்லாம என்னய்யா கயத்தாறு?"

* * *

ஒரு சந்தேகம் அண்ணா. படமே கிடைக்காத கட்டிடத்தை என்ன பண்றது? கற்பனையா வெச்சுடலாமா? நான் கோயம்புத்தூர். சூலூர் எடுத்திருக்கேன். போர்க்காலத்துல பிரிட்டிஷ் கடற்படை எங்க ஊர்ல விமானம் பழுது பாக்குற கூடம் வெச்சிருந்துச்சு, எச்எம்எஸ் கருடா. சூலூர் தளம் எச்எம்எஸ் வைரி. கப்பலே இல்லாத ஊர்ல ரெண்டு கப்பல் பேரு! இன்னைக்கு சூலூர் விமானப்படைத் தளம், கிட்டப் போய்ப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால கிடைக்கிறது பழைய படம் மட்டும்தான். இம்பீரியல் வார் மியூசியத்துல ஒரு படம் பாத்தேன், 1944, யானை ஒன்னு வால்ரஸ்ங்கிற கடற்படை விமானத்தைக் கயிறு கட்டி இழுக்குது. இந்தியாவில் ஒரு கடற்படை விமானத் தளம்னு மட்டும் குறிப்பு இருக்கு, எந்தத் தளம்னு இல்ல. நான் யானையைச் சூலூர்ல நிறுத்திட்டேன். தப்பா?

* * *

யானை கேள்விக்கு முதலில் வர்றேன், அதுதான் எல்லாரும் படிப்பீங்க.

படக்குறிப்பில் ஊர் இல்லை என்றால் சூலூர் என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான். யானையை வைக்கலாம், தனிக் கோப்பாகப் பிரித்து, வேண்டுகிறவர்கள் சேர்த்துக்கொள்ளும்படி. நான் எல்லாத் தளத்திலும் மூன்று அடுக்கு வைக்கிறேன். படமோ வரைபடமோ உள்ளவை ஒரு அடுக்கு. அன்றைய பொது அளவுப்படி இருந்திருக்க வேண்டியவை இரண்டாவது: நிசன் குடிசை (வளைந்த தகரக் கூரைக் கொட்டகை) என்றால் 16, 24, 30 அடி அகலங்களில் வந்தது, டி2 ஹேங்கர் (விமானக் கொட்டகை) என்றால் சுமார் 240 அடி நீளம், 115 அடி அகலம், இதெல்லாம் தெரிந்த அளவு, ஊகிப்பது இடத்தை மட்டும். மூன்றாவது அடுக்கு சும்மா அழகுக்கு. யானை, சைக்கிள், துணி காயப் போட்ட கொடி. இறக்குகிறவர் மூன்றாவதை எடுத்துவிட்டாலும் தளம் நிற்கணும்.

காலியாக விடுவதற்கும் பயப்படாதீர்கள். கொழும்பில் தென்கிழக்கு மூலைக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, புல்லாகவே விட்டிருக்கிறேன். அதில் நாலு குடிசையை வைத்தால் அடுத்தவர் அதைப் பார்த்து நகல் எடுப்பார், அவரைப் பார்த்து இன்னொருவர் எடுப்பார், அப்புறம் எங்கேயாவது கட்டுரையில் "இங்கே குடிசைகள் இருந்தன" என்று வந்து நிற்கும். சீனரியிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை உண்மைப் படமென்று பகிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன், கறுப்பு வெள்ளை ஆக்கிக் கொஞ்சம் கீறலும் போட்டு!

லிங்கன்ஷயர் தம்பி, அந்தத் தார்க் கட்டங்களின் படத்தை முடிந்தால் அனுப்புங்க. இரத்மலானையில் இறங்கும்போது தேவைப்படும். அங்கே அந்த முறையில் போட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்துவேன்.

கோவைத் தம்பிக்கு ஒன்று. யானைக்கு மோதல் எல்லையை (தொட்டால் இடித்ததாகச் சிமுலேட்டர் கணக்கிடும் எல்லை) அணைத்து வையுங்க. போன தடவை உங்க டெமோவில் தரையில் ஓட்டும்போது வால்ரஸ் தும்பிக்கையில் இடித்து வெடித்தது.