துறவியின் அட்டவணையை இல்லறத்தார் அப்படியே எடுத்தால்

ஆசிரமத்தில் சில நாள் தங்கித் திரும்பும் இல்லறத்தார் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்வதும் மௌனமும் ஒருவேளைச் சாப்பாடும் கைகூடும். அதையே வீட்டில் பிடித்தால் வீட்டாரிடம் எரிச்சல், பகலில் தூக்கம், கடைசியில் தியானமே விட்டுப்போகும். வைராக்கியம் போதவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். துறவிக்கும் இல்லறத்தாருக்கும் தடை வேறு, மருந்தும் வேறு.

அத்வைத ஆசான் கௌடபாதர் தம் மாண்டூக்ய காரிகையில் சொல்வது இது: லயத்தில் (மனம் தூக்கம்போல் ஒடுங்கும்போது) மனத்தை எழுப்பு, விக்ஷேபத்தில் (அது அலைபாயும்போது) அடக்கு. அலுவலும் குடும்பமுமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் விக்ஷேபம்தான். அதற்கு நெடுநேரம் உட்கார்வது உதவாது. காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம், ஒரே இடம், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே நாலு விரற்கடை உயரத்துக்குத் துணியை மடித்துப் போட்டால் முழங்கால் தரையில் படியும், முதுகு தானாக நிமிரும். எடுத்த எடுப்பில் மானஸ ஜபம், அதாவது மந்திரத்தை மனத்துக்குள்ளேயே சொல்வது, வேண்டாம். ஐந்து நிமிடம் உதடு அசைய, பிறகு நாக்கு மட்டும், பிறகு மனத்துக்குள். மனம் ஓடினால் திரும்ப உதட்டுக்கே இறங்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் மந்திரம் ஒரு பக்கம், கடன் கணக்கு ஒரு பக்கம் ஓடும்.

துறவிக்கு ஆபத்து லயம். சுகமான வெறுமையில் மணிக்கணக்காக அமிழ்ந்துவிட்டு எழுந்தால் பழைய கோபம் அப்படியே இருக்கும். ரமணர் சொன்ன கங்கைக்கரை யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு நிஷ்டையில் ஆழ்ந்தவர். நெடுங்காலம் கழித்து விழித்ததும் கேட்டது அதே தண்ணீர்தான். அந்த மயக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து 'நான் யார்' என்ற விசாரத்தைப் பிடிக்க வேண்டும். தெளியாவிட்டால் எழுந்து நடக்கலாம்.

*

இதோடு இன்னொன்று. சந்நியாசத்தைக் கூடுதல் தியான நேரமாக நினைப்பவர்கள் அதன் விதிகளையும் பார்க்கட்டும். தனக்குத்தானே சிராத்தம், தூய்மைக்கான விரஜா ஹோமம், சிகையும் பூணூலும் களைதல், எல்லாவற்றையும் துறந்தேன் என்று அறிவிக்கும் பிரைஷ மந்திரம். அதன்பின் அக்னி கிடையாது. சமைக்கக் கூடாது, அதனால்தான் பிக்ஷை. உடல் விழுந்தாலும் தகனமில்லை, சமாதிதான்.

துறவியைப் பார்க்கப் போனால் பூர்வாசிரமப் (துறவுக்கு முந்தைய) பெயர், ஊர் கேட்காதீர்கள். குரு பூர்ணிமையன்று செய்யும் வியாச பூஜை தொடங்கி நாலு பக்ஷம் (இரண்டு மாதம்) சாதுர்மாஸ்ய விரதத்துக்காக ஒரே ஊரில் தங்குவார்கள். சந்தேகம் கேட்க அதுவே தோது. "என்ன காட்சி தெரியும்?" என்பதைவிட "உட்காரும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உருப்படியான பதில் வரும்.

*

சிறு திருத்தம்: சிகை, பூணூல் களைவது ஒற்றைக்கோல் ஏந்தும் ஏகதண்டி மரபு. மூன்று கோலைச் சேர்த்து ஏந்தும் ஸ்ரீவைஷ்ணவ திரிதண்டிகள் இரண்டையும் விடுவதில்லை. 1896-இல் திருவண்ணாமலை வந்த ரமணரோ முறைப்படி சந்நியாசமே வாங்காதவர். லாஹிரி மகாசயர் (1828–1895) அரசு வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டே கிரியா யோக தீட்சை கொடுத்தார்.