புதுப்பிப்பு: பேராயர் மெக்டையரின் கடிதங்கள்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் பாதுகாத்து வரும், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவத் திருச்சபைப் பிரிவின் பேராயர் ஹாலண்ட் மெக்டையரின் கடிதங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் செலவையே தடுத்து நிறுத்தும் அளவுக்கு அவருக்கு அதிகாரம் எப்படி வந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

விடை, ரயில் முதலாளி கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1873 மார்ச் 17 அன்று அவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் தொடங்கக் குறைந்தது 5 லட்சம் டாலர் தருகிறேன், ஆனால் அறங்காவலர் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர், வீண் செலவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் உங்களுக்கே என்கிறார். அப்புறம் ஆண்டுக்கு 3,000 டாலர் சம்பளம், வாடகையில்லாத வீடு என்று அதையும் விடாமல் எழுதுகிறார். நிறுவனத்தைவிட ஆளை நம்பிய கடிதம் என்றே எனக்குப் படுகிறது. உறவும் உண்டு: இருவரின் மனைவிமாரும் உறவுமுறைச் சகோதரிகள். சிகிச்சைக்காக நியூயார்க் போன பேராயர் தங்கியது வாண்டர்பில்ட் வீட்டில்தான்.

இத்தனைக்கும் அந்த வளாகத்தை வாண்டர்பில்ட் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.