கணக்கெடுப்புக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: எதை எப்படி அளந்தீர்கள்?

வவுனியா மாணவி:
இறுதியாண்டு ஆய்வுக்கு வன்னியில் உணவுப் பாதுகாப்பு என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். "அதை எதைக் கொண்டு அளப்பீர் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாரும்" என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பாடப்புத்தக விளக்கம் கையில் இருக்கிறது. களத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் அண்ணை:
தங்கச்சி, உலக உணவுத் திட்டம் பாவிக்கும் உணவு நுகர்வுப் புள்ளியைப் பாரும். கடந்த 7 நாளில் எந்த வகைச் சாப்பாடு எத்தனை நாள் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய நிறையால் பெருக்கிக் கூட்டுவதுதான் கணக்கு. சோறு, மாச் சாப்பாட்டுக்கு 2, பருப்பு வகைக்கு 3, மரக்கறிக்கும் பழத்துக்கும் 1, மீன், இறைச்சி, முட்டைக்கு 4, பாலுக்கும் 4, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை.

முல்லைத்தீவில் ஒரு வீட்டில் அம்மா, மீன் ஏழு நாளும் என்றார். அப்படியே எழுதினால் மீனுக்கு மட்டும் 28. "ஆளுக்கொரு துண்டாவது வந்ததோ அம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கத்தரிக்காய்க் குழம்பில் வாசத்துக்குப் போட்ட கருவாடு அது, சட்டிக்குள் தேடத்தான் வேண்டும். அந்த அளவு இந்த முறையில் சுவையூட்டிக்குள் போய்விடும், புள்ளி பூச்சியம். தேத்தண்ணிக்கு விடும் துளிப் பாலும் அப்படித்தான்.

இப்போது கூட்டிப் பாரும். தினமும் சோறு 14, மரக்கறி 7, எண்ணெயும் சீனியும் சேர்ந்து 7, இரண்டு நாள் பருப்பு 6. மொத்தம் 34. எண்ணெயும் சீனியும் தினம் புழங்கும் இடங்களில் 28 வரை மோசம், 42 வரை எல்லைக்கோடு, அதற்கு மேல் பரவாயில்லை. அந்த அம்மா எல்லைக்கோட்டில் நிற்கிறார். கருவாட்டை மீனாக எழுதியிருந்தால் 62, பிரச்சினையில்லாத வீடு! கொக்கிளாய்ப் பக்கம் போனால் உண்மையிலேயே தினமும் மீன் தின்கிறார்கள், அங்கே 28 சரியான 28.

மாதத்தையும் கவனியும். காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, பங்குனியில் கேட்கும் வீடும் கார்த்திகை மழைக்குள் கேட்கும் அதே வீடும் வேறு வேறு புள்ளி தரும்.

மல்லாவி ரீச்சர்:
எனக்கு சாப்பாட்டுக்கு முதலே, குடும்பம் எது என்பதில்தான் தலையிடி. சேர்ந்து வாழ்ந்து சாப்பாட்டுக்குப் பொது ஏற்பாடு வைத்திருப்பவர்கள் ஒரு குடித்தனம் என்பது வழக்கமான வரையறை. ஒரே வளவில் தாயின் கல்வீடும் மகளின் தகரக் கொட்டிலும். பகலில் ஒரே உலை, இரவில் மகள் தனியாகப் புட்டு அவிக்கிறாள். ஒன்றா இரண்டா? வீட்டுத்திட்டம் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்த காலத்தைப் பார்த்த சனம், வந்தவர் என்ன தரப்போகிறார் என்று யோசித்துத்தான் பதில் சொல்லும். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வி இன்னும் கடினம். காணாமல்போன கணவரின் பெயரையே சொன்னார் ஒரு பெண். பொதுவாக அந்த வீட்டில் வசிப்பவரைத்தான் தலைவராகப் பதியலாம் என்று விளக்கினேன். "அப்ப மகன்ர பேரைப் போடுங்கோ" என்றார். மகன் உயர்தரம் படிக்கிற பெடியன். உழைப்பதும் கடனைக் கட்டுவதும் அந்தத் தாய்தான், ஆனால் பெண் தலைமைக் குடும்பங்களின் எண்ணிக்கையில் அவர் இல்லை. இப்போது நான் வருமானம் கொண்டுவருவது யார், செலவுக்கு முடிவெடுப்பது யார் என்று தனித்தனியாகக் கேட்கிறேன்.

கிளிநொச்சி சிவா:
நான் வறுமையோடு மல்லுக்கட்டியவன். 2012/13 வீட்டு வருமான, செலவின அளவீட்டில் வறியவர் முல்லைத்தீவில் 28.8 சதவீதம், கிளிநொச்சியில் 12.7. 2016இல் முல்லைத்தீவு 12.7க்கு இறங்க, கிளிநொச்சி 18.2க்கு ஏறியது. அதற்கு முந்திய 2009/10 அளவீடு மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவில் நடக்கவேயில்லை, ஆகவே ஒப்பிட முன்கதை கிடையாது. இரண்டு புள்ளியை வைத்து ஒரு போக்கு என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

வறியவர் யார் என்று அதில் பிரிக்கும் வறுமைக் கோடு நுகர்வுச் செலவில் போட்ட கோடு. நுண்கடன் எடுத்து அரிசி வாங்கினாலும் செலவு செலவுதான், வீடு கோட்டுக்கு மேலே ஏறிவிடும். 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் வேறு வழியால் போகிறது: படிப்பு, உடல்நலம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகள். தண்ணீர் வராத இரண்டு ஏக்கர் வயல் அங்கே சொத்து. ஒரே வீடு ஒன்றில் வறியது, மற்றதில் இல்லை. எந்த வறுமையை அளக்கிறீர் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடும்.

வவுனியா மாணவி:
அப்போ கடனையும் கேட்க வேண்டும் போல. அந்தக் கேள்வியை எங்கே போடுவது?

கிளிநொச்சி சிவா:
கடைசியில். தொடக்கத்திலேயே கேட்டால் நுண்கடனுக்குக் கிழமைக்காசு வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்துப் படலையைச் சாத்திவிடுவார்கள்.