கடவுள் நம்பிக்கை இல்லாதவன் ஏஏ மீட்டிங்குக்குப் போகலாமா?

தஞ்சைக்காரன்:
குடியை நிறுத்தி இன்றோடு 19 நாள். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது கவுன்சிலர் சொன்னது ஒன்றுதான், ஏஏ மீட்டிங்கை (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் குழு) மட்டும் விட்டுவிடாதே என்று. போன வாரம் போனேன். சர்ச் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை, பெஞ்சில் பதினைந்து பேர், எல்லாம் நன்றாகத்தான் போனது, குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளைச் சுவரில் படிக்கும்வரை. பாதிப் படிகளில் கடவுள்! நான் பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவன், இந்த வயசில் சாமி கும்பிடுவதுபோல் நடிக்க முடியவில்லை. குடிக்கிறதுக்காக ஆயிரம் பொய் சொன்னீங்களே, இந்த ஒரு பொய்க்கு மட்டும் என்ன யோசனை என்று மனைவி கேட்கிறாள். உங்களில் யாராவது இப்படி இருந்திருக்கிறீர்களா?

பழைய குருசாமி:
தம்பி, நான் உங்களுக்கு நேர் எதிர். ஒன்பது வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டவன். 48 நாளும் சொட்டு தொடமாட்டேன், மலையிறங்கி மாலையைக் கழற்றினால் அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பேன். குலசாமி கோவிலில் சத்தியம் பண்ணிக் கட்டிய கயிற்றை நானே அறுத்துப் போட்டுக் குடித்ததும் உண்டு. சாமி நம்பிக்கை மட்டும் போதுமென்றால் நான் எப்பவோ தேறியிருக்கணும். என் முதல் மீட்டிங்கில் ஒருத்தர் டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தார். "முழுசா ஊத்தினா கை நடுக்கத்துல சிந்தும், எனக்கும் சிந்துச்சு" என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாதது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. அதுக்காகத்தான் மறுநாளும் போனேன்.

அக்ரான்35:
அந்த டீ கதைதான் ஏஏ பிறந்த கதையும். 1935-ல் அமெரிக்காவின் அக்ரான் ஊரில், வந்த வியாபாரம் கைவிட்டுப்போய் ஹோட்டலில் தனியாக நின்ற பில் வில்சன் என்ற குடிநோயாளி, பக்கத்திலேயே பார் இருந்தும் உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று பாதிரியாருக்கு போன் போட்டுத் தேடினார். அப்படித்தான் தன்னைப் போலவே குடிநோயாளியான டாக்டர் பாபைச் சந்தித்தார், இருவரும் சேர்ந்துதான் ஏஏ-வை ஆரம்பித்தார்கள். படிகளில் வரும் "நாங்கள் புரிந்துகொண்டபடி கடவுள்" என்ற வார்த்தையே நம்பிக்கையில்லாத ஆரம்பகால ஆட்கள் மல்லுக்கட்டியதால் வந்ததுதான். குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், உறுப்பினராக வேறு தகுதி கிடையாது. படிகளில் சொல்லும் "மேலான சக்தி" எனக்கு மீட்டிங்கில் உட்காரும் அந்தப் பதினைந்து பேர்தான்.

மதுரை மீனா:
நான் குடிக்கிறவர் வீட்டு ஆள், எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கான அல்-அனான் மீட்டிங்குக்குப் போகிறவள். நீங்கள் எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். கடவுளை எடுத்துக்கோ விட்டுக்கோ என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரர் அப்புறம் ஸ்பான்சரையும் (வழிகாட்டுகிற பழைய உறுப்பினர்) விட்டார், மீட்டிங்கையும் விட்டார். எனக்கு மாதாகிட்ட அழாமல் ஒரு நாள் ஓடாது. நம்ப வேண்டாம், சரி, ஆனால் "என் கையில் எல்லாம் இருக்கு" என்ற திமிரை விடணுமே, அதுதானே முதல் படி? அப்புறம், இதைப் படிக்கிற வேறு யாராவது தினம் குடிக்கிறவராக இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

தஞ்சைக்காரன்:
அக்கா சொன்னது சுருக்கென்று பட்டது. நேற்று மறுபடி போனேன். பிரார்த்தனைக்கு எழுந்து நின்றேன், வாயைத் திறக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்க என்று நம்பர் கொடுத்தார். ஒரு சின்ன சந்தேகம், கடைசியில் பை சுற்றி வருதே, எவ்வளவு போடணும்?

பழைய குருசாமி:
கட்டணம் எதுவும் இல்லை, வெளியாளிடமும் வாங்கமாட்டார்கள், டீக்கும் வாடகைக்கும் நம்ம ஆட்கள் போடுவதுதான். பத்தோ இருபதோ போடுங்க. இல்லையென்றால் பையை அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்க.