உங்கள் பிள்ளை மனசில் இருப்பதை வாய் திறந்து சொன்ன நேரம் எது? அனுபவம் சொல்லுங்கள்

பெருந்துறை அப்பா:
மகள் எட்டாவது. டியூஷன் முடிந்ததும் டிவிஎஸ்ஸில் நான்தான் கூட்டிவருவேன். வீட்டில் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்கப்பா". போன மாசம் சிப்காட் பக்கம் வரும்போது பின்னாலிருந்து, "அப்பா, மத்தியானம் சாப்பிட என்கூட யாருமே உக்கார்றதில்லீங்க" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்புறஞ் சாமி?" என்று மட்டும் கேட்டு வண்டியை மெதுவாக்கினேன். வீட்டுத் திருப்பம் வந்தது, திருப்பாமல் குன்னத்தூர் ரோட்டில் விட்டேன். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கியது, பட்டப்பெயர் வைத்தது எல்லாம் வந்தது. பேசப்பேச அவள் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தது, சட்டை நனைந்துவிட்டது. தினமும் அதே வண்டிதான், அதே ரோடுதான். அன்றைக்கு மட்டும் எது அவளைச் சொல்ல வைத்தது? இதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

திருப்பூர் லைன் வீடு:
பக்கத்து வீட்டுப் பையன், ஆறாவது. அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனி, சீசன் என்றால் ஓவர்டைம். திங்கட்கிழமை ஆனால் பையனுக்கு வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. "நடிக்கறான்" என்றார்கள். காங்கயத்திலிருந்து அம்மிச்சி வந்தார். வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டே, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வலி பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வருதா, போனப்புறம் வருதா சாமி?" என்றார். பையன் கையிலிருந்த கடலைக்காய் அப்படியே நின்றது. அப்புறம் அழுதான் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. வேனில் பெரிய பையன்கள் தினமும் அடித்திருக்கிறார்கள். அத்தனை டாக்டர் பார்த்தும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே!

கோபி விவசாயி:
எங்கப்பாரு காலத்தில் பிள்ளைகளோடு யாருங்க உட்கார்ந்து பேசினார்கள்? மஞ்சள் வேகவைக்கவே நேரம் போதாது. நாங்கள் நல்லாத்தானே இருக்கிறோம். கேட்டுக்கேட்டே பிள்ளைகளைத் தொட்டாச்சிணுங்கி ஆக்காதீர்கள்.

நாமக்கல் விடுதியில் படித்தவன்:
கோபி அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், இதை ஒத்துக்கொள்ள முடியாதுங்க. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் காலத்தில் அப்பாரு பேசாவிட்டாலும் திண்ணையில் ஆத்தா இருந்தார், தோட்டத்தில் சித்தப்பா இருந்தார், யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். விடுதியில் எனக்கு யார் இருந்தார்கள்?

ஒன்பதாவது படிக்கும்போது பார்க்க வந்தார்கள். அப்பா மார்க் சீட்டை விரித்தார். அம்மா தூக்குப்போசியைத் திறந்து சோறு பிசைந்து ஊட்ட வந்தவர், கை பாதியில் நின்றுவிட்டது. என் காதுக்கு மேலே வட்டமாக முடி இல்லை. இரவில் படிக்கும்போது நானே ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. "ராத்திரி தூக்கம் வருதா கண்ணு?" என்றுதான் அம்மா கேட்டார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

தாராபுரம் நர்ஸ்:
என் அனுபவம் சின்னது. ஏழாவது படிக்கும் பெண், மயக்கம் என்று கொண்டுவந்தார்கள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்கு முன்னால் அம்மாவே பதில் சொன்னார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெருந்துறை அண்ணனுக்கு: நேருக்கு நேர் முகம் பார்க்காதபோது இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதாக வரும். வண்டி, கடலைக்காய், பாத்திரம் கழுவுவது, எதுவானாலும் சரி. சொல்ல ஆரம்பித்தால் உடனே புத்திமதி வேண்டாம், "நான் வந்து அந்தப் பிள்ளையைக் கேட்கிறேன்" என்று கிளம்பவும் வேண்டாம். முதலில் "இதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அடி, மிரட்டல் என்றால் மட்டும் காத்திருக்காமல் பள்ளிக்குப் போங்கள். இன்னொருவர் பிள்ளையோடு ஒப்பிட்டால் அடுத்த முறை வாய் திறக்காது. பருவ வயதில் தூக்கம் வருவதே இயல்பாகத் தள்ளிப்போகும், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சாகிற பேச்சு வந்தால், "அப்படி நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொன்னால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தைப் பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். நம் ஊரில் தோட்டத்து வீடுகளில் அது சாளையிலேயே கிடக்கிறது. மனநல உதவிக்கு அரசின் போன் எண் 14416, டெலி மானஸ் என்று பெயர், 2022 முதல் இருக்கிறது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள். குழந்தைகளே கூப்பிட 1098.

திருப்பூர் லைன் வீடு:
நர்ஸ் அக்கா, அந்த 14416இல் தமிழில் பேசுவார்களா? பையனின் அம்மாவுக்கு வேறு பாஷை தெரியாது.

தாராபுரம் நர்ஸ்:
பேசுவார்கள் அம்மணி. ஷிப்ட் முடிந்து வந்து இரவு கூப்பிடச் சொல்லுங்கள்.