முன் கண்ணாடி மாற்றியபின் காருக்குள் தண்ணீர் – அவசரம்

தாமுவே தம்பி:
அண்ணன்மார்களே, அவசர உதவி. காருக்கு முன் கண்ணாடி மாற்றினேன். இப்போது மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வருகிறது. கார்ப்பெட் ஊறி வாடை அடிக்கிறது. கண்ணாடி போட்ட சயா (மெக்கானிக்), ‘ஓரமாகக் கொஞ்சம் சிலிக்கான் பசை அடித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். அடிக்கச் சொல்லவா, வேண்டாமா? அம்மாவைப் பெகு ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு ரோடு:
என்ன வண்டி? எந்தப் பக்கம் வருகிறது? மேலிருந்து சொட்டுகிறதா, கீழே தேங்குகிறதா?

பழைய பட்டறை:
மழைக்காலம் பிறந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தம்பி, வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? ஏற்கெனவே எழுதியதை எல்லாம் படித்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்து ஹைலக்ஸுக்கு ரப்பர் மாட்டி, கயிறு கொடுத்து இழுத்துக் கண்ணாடியை உட்கார வைப்போம். ஒரு சொட்டு உள்ளே போகாது. இப்போது எல்லாம் பசை. பசையை நம்பினால் இப்படித்தான்.

மோல்மேன் மழை:
ஏசி தண்ணீராக இருக்கும். வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டால் அது காருக்குள் திரும்பி வரும். எனக்கு அப்படித்தான் நடந்தது, நானும் முதலில் கண்ணாடியைத்தான் திட்டினேன். அடியில் அந்தக் குழாயைக் கண்டுபிடித்து மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

தாமுவே தம்பி:
டொயோட்டா புரோபாக்ஸ். ஓரத்துப் பக்கம், கால் வைக்கும் இடத்தில். ஏசி போடாமலும் வருகிறது.

பெகு ரோடு:
ஓரத்துப் பக்கம் என்றால் நடைபாதைப் பக்கம்தானே? நம் மியான்மரில் சாலையின் வலப்பக்கம்தானே ஓட்டுகிறோம், வலது கை ஸ்டியரிங் என்றால் அது டிரைவர் பக்கம். அப்படியென்றால் ஏசி இல்லை. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் ஏசி பெட்டி டிரைவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்.
இன்னொன்று. வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்? நம் தெருக்களில் ஓரம் சரிந்திருக்கும். எந்தப் பக்கம் நுழைந்தாலும் தண்ணீர் தாழ்ந்த பக்கம் போய்த் தேங்கும். ஈரம் இருக்கும் பக்கத்தில்தான் ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள்.

சாலைப் பைத்தியம்:
டிரைவரை ஓரத்தில் உட்கார வைத்து ஓட்டுகிற ஊர் இது. 1970 டிசம்பரில் சாலையை இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்கள், வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் மாறவில்லை. முந்துவதற்குப் பக்கத்து சீட்டுக்காரரைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய பட்டறை:
மாற்றினால் என்ன? வலது கை ஸ்டியரிங்கில் இத்தனை காலமாக ஓட்டுகிறேன். ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

சாலைப் பைத்தியம்:
உங்களுக்கு ஒன்றுதான் ஐயா. பஸ்ஸிலிருந்து நடுரோட்டில் இறங்கிய கிழவிக்கு ஒன்றாக இருக்கவில்லை. கதவு இடப்பக்கம் இருந்த பழைய ஜப்பான் பஸ்களில் அப்படித்தானே இறங்கினார்கள்?

பெகு ரோடு:
இதற்குத் தனி இழை போடுங்கள். தம்பியின் கார் நனைந்துகொண்டிருக்கிறது.

கண்ணாடிக்கடை அக்கா:
தம்பி, சிலிக்கான் அடிக்க விடாதீர்கள். எங்கள் கடைக்கு இப்படி வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் யாரோ சிலிக்கான் அடித்துக் கெடுத்தவைதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

புரோபாக்ஸ் போன்ற வண்டிகளில் முன் கண்ணாடி யூரித்தேன் பசையால் உடம்போடு ஒட்டப்பட்டிருக்கும். விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அதில்தான் முட்டுக்கொடுக்கும். மேலே பூசுகிற சிலிக்கான் அந்தப் பலத்தைத் தராது. வினிகர் வாடை வருகிற மலிவுச் சிலிக்கான் என்றால் அதிலிருந்து வருகிற அமிலம் இரும்பைத் தின்னும். எல்லாவற்றையும்விட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு யூரித்தேன் பிடிக்காது. அடுத்து வேலை செய்கிறவர் அதைக் கடைசி வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த தண்ணீர் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குள் இறங்கி, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலேயே ஓடி, கால் வைக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். நீங்கள் கீழே தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். தூணின் மூடியை மெதுவாக விலக்குங்கள் (அதில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் தொடவேண்டாம்). உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். கண்ணாடியின் உள்விளிம்பு முழுக்க டிஷ்யூ காகிதத்தைச் செருகி வையுங்கள். வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடட்டும், பீய்ச்சி அடிக்கக் கூடாது, வழிய விட்டால் போதும். கீழிருந்து தொடங்குங்கள். முதலில் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பகுதி. அங்கே சில நிமிஷம் நின்று, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் பக்கவாட்டுக்கு, கடைசியாக மேலே. மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், ஒன்றும் தெரியாது.

வைப்பர் பிளாஸ்டிக்கைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். திஞ்ஜான் புத்தாண்டுச் சமயத்தில் கொட்டுகிற பதௌக் மரத்துப் பூ அதற்குள் போய் மக்கி வடிகாலை அடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் காற்று வரும் வழியாக உள்ளே வரும். கண்ணாடி மாற்றும்போது கழற்றிய கிளிப்பைத் திரும்பச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கவும் கூடும்.

தண்ணீரில் தெரியாவிட்டால், ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று வரும்படி வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் விடுங்கள். வெளியே கண்ணாடி ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கட்டுகிற இடத்தில் ஓட்டை.

மழைக்குத் தற்காலிகமாக வெளியே டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய பட்டறை:
எல்லாச் சிலிக்கானும் வினிகர் இல்லை அம்மா. அமிலம் இல்லாத வகையும் கடையில் இருக்கிறது.

கண்ணாடிக்கடை அக்கா:
இருக்கிறது ஐயா, உண்மைதான். அது இரும்பைத் தின்னாது. ஆனால் அதன்மேலும் யூரித்தேன் பிடிக்காது. கண்ணாடியைத் தாங்கவும் அதற்குத் திராணி போதாது.

மோல்மேன் மழை:
அக்கா, பசை எத்தனை மணி நேரத்தில் காயும்? இந்த ஈரத்தில் காயுமா?

கண்ணாடிக்கடை அக்கா:
யூரித்தேன் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். நம் ஊர் ஈரம் அதற்கு உதவிதான். ஒட்டுகிற நேரத்தில் சட்டமும் கண்ணாடியும் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பது டியூபில் போட்டிருக்கும், ஒவ்வொரு பசைக்கும் வேறு. முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக் கதவை மெதுவாகச் சாத்துங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று இளம்பசையைத் தள்ளி வழி பண்ணிவிடும்.

பெகு ரோடு:
தம்பி, என்ன ஆயிற்று?

சாலைப் பைத்தியம்:
ஆளைக் காணோமே.

தாமுவே தம்பி:
மன்னிக்கவும், கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. அக்கா சொன்னபடி பார்த்தோம். கீழே ஒன்றும் இல்லை. மேல் மூலைக்கு வந்ததும் டிஷ்யூ நனைந்தது. வேறு பட்டறையில் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் எப்போதோ யாரோ பூசிய சிலிக்கான், அதற்கு அடியில் துரு. புதுப் பசை அதன்மேலேயே போட்டிருக்கிறார்கள், விரலால் தூக்கினாலே கழன்று வந்தது. சுரண்டி, துரு எடுத்து, பிரைமர் (அடிப்பூச்சு) போட்டு மறுபடி ஒட்டியாயிற்று. நேற்று ராத்திரி கொட்டின மழையில் உள்ளே வரவில்லை. ரொம்ப நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

பெகு ரோடு:
நல்லது. எவ்வளவு ஆயிற்று? பட்டறை எந்தப் பக்கம்? எனக்கும் ஒரு கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

பழைய பட்டறை:
பிரைமர் போட்டார்கள் என்றால் வேலை தெரிந்த ஆள்தான்.

கண்ணாடிக்கடை அக்கா:
தம்பி, கார்ப்பெட்டைக் கழற்றினீர்களா? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அப்படியே விட்டால் தரைத்தகடும் துருப்பிடிக்கும், அந்த வழியாகப் போகிற ஒயர் கனெக்டரில் பச்சை பூத்துவிடும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி நிறுத்தி, ஃபேன் போட்டுக் காயவைத்துவிட்டுப் பெகுவுக்குப் போங்கள்.